ஸ்நோடனுக்கு ரயிலில் போனால் சோட்டா புள்ளி கிடைக்குமா?

வால்வுசெட்:
வணக்கம். அடுத்த மாதம் வேல்ஸ் பயணம். ஸ்நோடன் உச்சியில் ஒரு சோட்டா (சம்மிட்ஸ் ஆன் தி ஏர், மலை உச்சியிலிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேசிப் புள்ளி சேர்க்கும் திட்டம்) ஆக்டிவேஷன், அதாவது உச்சியிலிருந்து ஒலிபரப்பு, போடலாம் என்று யோசனை. பிரிட்டனின் ஆரம்பநிலை பவுண்டேஷன் லைசென்ஸ்தான், எம்7 வரிசை அழைப்புக்குறி. கூட வருகிறவர்களுக்கு முழங்கால் ஒத்துழைக்காது, அதனால் அடிவார ஊரான லான்பெரிஸிலிருந்து மலை ரயில். அது கணக்கில் சேருமா? 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) மட்டும் போதுமா, எஃப்டி-818 ரேடியோ, டைபோல் (இரண்டு கை கம்பி ஆன்டெனா) எல்லாம் சுமக்க வேண்டுமா? ட்ரோனில் போடும் 4எஸ் (நான்கு செல் தொடர்) லிபோ பேட்டரி கையில் இருக்கிறது, அதையே ரேடியோவுக்குக் கொடுக்கலாமா?

கல்லும்கம்பியும்:
முதலில் ரயில். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருக்கும் பகுதிதான் ஆக்டிவேஷன் ஸோன். அந்த எல்லைக்குள் நுழைவது வண்டியில் இருக்கக் கூடாது, நடந்துதான் நுழைய வேண்டும். ஸ்நோடன் 1085 மீட்டர், ஆக எல்லை 1060. மேல் ஸ்டேஷன் இருப்பது 1065-இல். அதாவது ரயில் உங்களை எல்லைக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. இறங்கியதும் லான்பெரிஸ் பாதையில் கீழே நடந்து, 1060-க்கு நன்றாகக் கீழே போய், அங்கிருந்து பையோடு திரும்ப ஏறுங்கள். போன் ஜிபிஎஸ் உயரத்தில் பத்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், அதை நம்பி 1058-இல் திரும்பிவிடாதீர்கள். 1040 வரை இறங்கினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர் மேலேயே காபி குடித்துக்கொண்டு இருக்கலாம், நடக்க வேண்டியது ஆபரேட்டர் மட்டும்தான். திரும்பும் ரயிலுக்கு நேரம் குறித்த டிக்கெட் என்றால் இந்த இறக்கம், ஏற்றம், ஆன்டெனா கட்டுவது எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொடர்பு கிடைத்தாலே ஆக்டிவேஷன் செல்லும். புள்ளிக்கு வெவ்வேறு ஸ்டேஷன்களோடு நான்கு வேண்டும். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழி பேசியது சேராது. இந்த மலைக்கு 10 புள்ளி, ஆண்டுக்கு ஒருமுறைதான். லாகில் (தொடர்புகளின் பதிவேட்டில்) நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். கோடையில் கைக்கடிகாரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மலையின் குறியீடு ஜிடபிள்யூ/என்டபிள்யூ-001. வேல்ஸில் எம்7-ஐ எம்டபிள்யூ7 என்று சொல்வது 2024 முதல் கட்டாயமில்லை. ஆனால் சொன்னால் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பது கேட்பவருக்கு உடனே புரியும்.

ஸ்லிம்ஜிம்:
நான்கு தொடர்புதான் இலக்கு என்றால் 145 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் போதும். அந்த உயரத்துக்கு 5 வாட் தாராளம். 145.500-இல் அழைத்து, ஆள் கிடைத்ததும் காலியான வேறு அலைவரிசைக்கு மாறுங்கள். மாறப்போகிற இடம் காலியா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிரச்சினை வேறு இடத்தில். மலிவான ஹேண்டி உச்சியில் செவிடாகிவிடும். எல்லாத் திசையிலிருந்தும் வரும் பலமான சிக்னல்கள் அதன் முன்பகுதியை மூழ்கடித்துவிடுகின்றன. அடையாளம் இதுதான்: நீங்கள் அனுப்புவது எல்லோருக்கும் 59 (தெளிவு, பலம் இரண்டும் முழுசு), உங்கள் காதில் மட்டும் எதுவும் விழாது. அல்லது ஆன்டெனாவைக் கழற்றினால் எதிர்முனை தெளிவாகக் கேட்கும்! பெரிய ஆன்டெனா போட்டால் இது கூடுமே தவிரக் குறையாது. 145-ஐ மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று இடையில் போடுங்கள், இல்லையென்றால் பாறையை மறைப்பாக வைத்து ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். எஃப்டி-818 கொண்டுபோனால் அதிலேயே 145 இருக்கிறது.

சுருட்டி வைக்கும் ஸ்லிம் ஜிம் ஆன்டெனா 145-க்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். கம்பத்தில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். கேபிள் மெல்லிய ஆர்ஜி-174 வேண்டாம், 145-இல் 10 மீட்டர் போனால் பாதிக்கு மேல் திறன் கேபிளிலேயே கரைந்துவிடும். அதைவிடத் தடித்த ஆர்ஜி-58 நான்கு மீட்டர் சரி.

கல்லும்கம்பியும்:
பேட்டரி விஷயத்தை விட்டுவிட்டேன். 4எஸ் லிபோவை நேரடியாகக் கொடுக்கவே வேண்டாம். முழு சார்ஜில் 16.8 வோல்ட், எஃப்டி-818-இன் உச்ச வரம்பு 16. லிபோ என்றால் 3எஸ், முழு சார்ஜில் 12.6. இன்னும் நல்லது 4எஸ் லித்தியம் இரும்பு பாஸ்பேட், முழு சார்ஜில் 14.6. பெயரில் இரண்டும் '4எஸ்' என்பதால் குழப்பம் வருகிறது. வாங்கும் செல் 3.2 வோல்ட்டா 3.7 வோல்ட்டா என்று பாருங்கள். கேட்கும்போது அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, அனுப்பும்போது இரண்டு, இரண்டரை ஆம்பியர். கால்வாசி நேரம் அனுப்பினால் சராசரி ஏறத்தாழ ஒரு ஆம்பியரில் அடங்கிவிடும். 3 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கவலையில்லாமல் வரும். ஃப்யூஸ் பேட்டரி பக்கம் இருக்கட்டும்.

வால்வுசெட்:
மிக்க நன்றி. 1040 வரை இறங்க வேண்டும் என்பது தெரியவே தெரியாது. 14 மெகாஹெர்ட்ஸிலும் கொஞ்சம் பேச ஆசை. டைபோல் அளவு?

செம்புக்கம்பி:
14.285-க்கு வெற்றுக் கம்பியில் ஒரு கை 5 மீட்டர். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் 4.85 அளவில் வந்து நிற்கும். முதலில் 5.2 வெட்டி, தலைகீழ் வி வடிவில் 6 மீட்டர் கம்பத்தில் கட்டி, இரு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் மாடியில் கட்டிச் சரிசெய்துவிட்டு மலையில் தரைக்கு அருகே நுனியை விட்டால் ஒத்திசைவு அலைவரிசை கீழே இறங்கிவிடும், அதனால் கட்டப்போகிற உயரத்திலேயே அளக்க வேண்டும். இங்கே மெல்லிய ஆர்ஜி-174 போதும், 145 போல இழப்பில்லை.

7 மெகாஹெர்ட்ஸுக்கும் நீட்டலாம், ஒவ்வொரு கையிலும் இன்னும் ஏறத்தாழ 4.9 மீட்டர், நடுவில் புல்லட் கனெக்டர் (செருகிக் கழற்றும் இணைப்பு). இழுவை கயிற்றுக்குப் போக வேண்டும், கனெக்டருக்கு அல்ல. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஒத்துப்போகிறதா என்று காட்டும் அளவு) திடீரென்று எகிறினால் ஒரு பக்கம் மட்டும் கழன்றிருக்கும், அதை முதலில் பாருங்கள். ஆனால் கோடையில் ஸ்நோடன் உச்சியில் 20 மீட்டர் கம்பி விரிக்க இடம் கிடையாது. 14 மட்டும் என்றால் 10 மீட்டருக்குள் அடங்கும். அதற்கும் உச்சித் தூண் பக்கம் போகாமல் ஏழெட்டு மீட்டர் கீழே, பாதையிலிருந்து விலகிக் கட்டுங்கள். எப்படியும் ஸோனுக்குள்தான்.

கம்பம் கண்ணாடியிழை. கார்பன் தூண்டில் கம்பு மின்சாரம் கடத்தும், டியூனிங்கையே கெடுத்துவிடும். மூன்று கயிறு, கம்பத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். நுனியில் கட்டினால் மேல் துண்டுகள் காற்றில் உள்ளே சரிந்துவிடும். மூட்டுகளைத் திருகி இறுக்கி டேப் சுற்றுங்கள். இடி கேட்டால் கம்பத்தைத்தான் முதலில் இறக்க வேண்டும், லாகை அப்புறம் முடிக்கலாம்.

ஸ்லிம்ஜிம்:
கிளம்புமுன் சோட்டாவாட்ச் இணையதளத்தில் அலர்ட் (முன்னறிவிப்பு) போட்டுவிடுங்கள், மேலே போனதும் அலைவரிசையோடு ஸ்பாட் (இப்போது இங்கே பேசுகிறேன் என்ற அறிவிப்பு). 14-இல் 5 வாட் குரலுக்கு ஸ்பாட் இல்லாமல் ஆள் பிடிப்பது சிரமம், ஸ்பாட் விழுந்தால் ஐரோப்பாவிலிருந்து வரிசை கட்டுவார்கள்.