அஞ்சேகால் ஃப்ளைட்டுக்கு எங்க தங்குறது? – ‘பெரியவீடு விருதுநகர்’ குழுவில்

வெள்ளி, இரவு 8:40

செல்வி: அந்தமான் டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் 26 விடியக்காலை 5:15, சென்னையில இருந்து. நாங்க நாலு பேரு, கூட அத்தை. 25ந்தேதி ராத்திரி எங்க தங்குறதுன்னுதான் தெரியல. ஏர்போர்ட் பக்கத்துல சுமாரான விலைல நல்ல லாட்ஜ் யாருக்காவது தெரியுமா? எல்லாம் சேத்து 3500 தாண்டக் கூடாதுன்னு இவங்க கறாரா சொல்லிட்டாங்க.

மீனா: லாட்ஜா?

மீனா: அம்பத்தூர்ல ஒரு வீடு இருக்கு. அதுல ஒரு அக்கா இருக்கா. ஞாபகம் இருக்கா முருகா?

முருகன்: ஆரம்பிச்சிட்டியாக்கா

மீனா: ஆமா. சென்னைக்கு வந்து லாட்ஜ்ல தங்குறாங்கன்னா ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பாங்க

செல்வி: மதினி, உங்க வீட்டுக்கு வரக் கூடாதுன்னா சொல்றோம். விடியக்காலைல அத்தையை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வரணுமேன்னுதான்.

கார்த்தி: அக்கா கோவப்படாதே. 5:15 ஃப்ளைட்டுன்னா 4:15க்கு பெட்டி போடுற கவுன்ட்டர மூடிருவாங்க. மூணேகாலுக்கு அங்க நிக்கணும். அம்பத்தூர்ல இருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல. ரெண்டேகாலுக்கு வண்டி ஏறணும். அம்மாவ ஒரு மணிக்கு எழுப்பணும்.

மீனா: அம்மா என்னைக்கு ஒரு மணிக்குத் தூங்கியிருக்கு

ராஜா: மீனா, வீட்டுல பேசிக்கலாம். அந்த நேரத்துல அஞ்சு பேரு, அத்தனை பெட்டி, ஒரே டாக்ஸில ஏறாது. ரெண்டு டாக்ஸி போட்டா ஒருத்தன் வருவான், ஒருத்தன் கேன்சல் பண்ணுவான். கார்த்தி சொல்றதுதான் சரி.

மீனா: நீங்களுமா

யாழினி: நேரா ஏர்போர்ட்லயே போய் உக்காந்துட்டா என்ன? ரூம் காசு மிச்சம் 😎

கார்த்தி: நீ உக்காருவ. ஆச்சி ஒரு ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலில உக்காருவாங்களா? ரொம்ப சீக்கிரம் போனா வாசல்ல சிஐஎஸ்எஃப்காரங்க டிக்கெட் நேரத்தப் பாத்துட்டு அப்புறம் வாங்கன்னும் சொல்லலாம்.

முருகன்: மெட்ரோ ஏர்போர்ட்டுக்குள்ளயே போகுதே. கொஞ்சம் தள்ளி ரூம் போட்டுட்டு அதுல வரலாம்ல?

ராஜா: மெட்ரோ காலைல அஞ்சு மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். அஞ்சேகாலுக்கு உங்க ஃப்ளைட் பறந்துரும். எலக்ட்ரிக் ட்ரெய்னும் நாலு மணி வாக்குலதான். அந்த நேரத்துக்கு வண்டி, இல்ல நடை. வேற வழி இல்ல மாப்ள.

ராஜா: எழும்பூர் ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூமை யோசிச்சேன், ரயில்வே ஆளுன்னா அதுதான் முதல்ல தோணும். ரயில் டிக்கெட் நம்பரை வச்சு ஐஆர்சிடிசில போடலாம், விலையும் கம்மி. ஆனா அங்க இருந்தும் பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. அம்பத்தூர்க் கதைதான்.

செல்வி: அண்ணே, நாங்க வந்தே பாரத்துலதான் வாரோம். அது தாம்பரத்துல நிக்குமாமே?

ராஜா: நிக்கும்மா. எழும்பூர் போகாதீங்க, தாம்பரத்துலயே இறங்கிருங்க. மதியம் ஒண்ணரைக்குள்ள வந்துரும். அங்க இருந்து எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். திரிசூலத்துக்கு எதிர்ல ஏர்போர்ட். பகல்ல கூட்டம் இருக்காது, நிதானமா ஏறலாம்.

யாழினி: நான் ஆப்ல தேடிட்டேன். முதல்ல வந்தது இது. ‘விமான நிலையத்திலிருந்து 1.5 கிமீ’, ரூம் 1100. பொழிச்சலூராம். போட்டோ சூப்பரா இருக்கு.

கார்த்தி: வேண்டாம் வேண்டாம் வேண்டாம்

யாழினி: ஏன் சித்தப்பா

கார்த்தி: அது ரன்வேக்கு அந்தாண்ட இருக்கு. காக்கா பறந்தா ஒண்ணரை கிலோமீட்டர். கார்ல போறதுன்னா பம்மல் வந்து, பல்லாவரம் வந்து, ஜிஎஸ்டி ரோடுங்கிற மெயின் ரோட்டப் பிடிச்சுத்தான் ஏர்போர்ட் வாசல். ஆறேழு கிலோமீட்டர் சுத்து. ஆப்ல போட்டிருக்கிற தூரத்தப் பாக்காதே. மேப்ல டெர்மினல் வாசல அடிச்சு, கார் வழி எவ்வளவுன்னு பாரு.

யாழினி: அட ஆமா, 6.8 காட்டுது 😮

கவின்: பிளேன் பக்கத்துல தெரியுமா அங்க

செல்வி: கவின், என் போனைக் கீழ வை

மீனா: ராடிசன், ட்ரைடண்ட் எல்லாம் ஜிஎஸ்டி ரோட்டு மேலயே இருக்குல்ல. அம்மாவுக்காகவாவது நல்ல இடமா போடலாம்ல

முருகன்: அக்கா, நீ ஸ்பான்சரா?

மீனா: 🙄

கார்த்தி: யாழினி, மீனம்பாக்கம், நங்கநல்லூர், பல்லாவரம், மூணுலயும் ஏரியாவுக்கு ஒண்ணு எடு. ரிவ்யூல நட்சத்திரத்தப் பாக்காதே. ‘லிஃப்ட்’, ‘வெந்நீர்’, ‘ராத்திரி’ இந்த மூணு வார்த்தையத் தேடிப் படி.

செல்வி: அத்தைக்கு முட்டி வலி. லிஃப்ட் இல்லாட்டி தரைத்தளம் வேணும். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம்.

ஆச்சி: 🎤 குரல் செய்தி (0:52)

முருகன்: அம்மா என்ன சொல்றாங்க, நான் கடைல இருக்கேன், கேக்க முடியல

யாழினி: எழுதுறேன்பா. “எனக்காக யாரும் காசைக் கொட்டாதீக. ஒரு பாய் போட்டாப் போதும். ஆனா குளிக்காம நான் வாசப்படி தாண்ட மாட்டேன். வெந்நி இருக்கான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க. அம்பத்தூர்க்காரி கோவிச்சுக்கிட்டாளா?”

மீனா: கோவமெல்லாம் இல்லம்மா

கார்த்தி: வெந்நீர்தான் இதுல பெரிய விஷயம். பாதி லாட்ஜ்ல ‘24 மணி நேரம் வெந்நீர்’னு போட்டிருப்பான். போய்ப் பாத்தா ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும்தான் பைப்ல வரும். இவங்க ரெண்டரைக்குக் குளிக்கணும். ரூமுக்குள்ளயே கீசர் இருக்கான்னு தனியாக் கேக்கணும்.

யாழினி: மூணும் ரெடி.
மீனம்பாக்கம்: ரூம் 1750, ‘இலவச ஏர்போர்ட் டிராப்’.
நங்கநல்லூர்: 1300, ரொம்ப சுத்தம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க.
பல்லாவரம்: 1800, காலை டிபனோட. போட்டோல பெட்ஷீட் கலர்தான் கொடுமையா இருக்கு.

முருகன்: இலவச டிராப்னா மீனம்பாக்கமே போட்டுரலாமே. விலைக்கு விலை சரியாப் போச்சு.

கார்த்தி: அண்ணே, அந்த இலவசம் எத்தனை மணியில இருந்து, எத்தனை பேருக்கு, பெட்டியோடவா? ஒரே வண்டிய நாலு ரூம்காரங்களுக்கும் ஓட்டுவாங்க. நம்ம முறை வர்றப்ப நாலு மணி ஆயிருக்கும்.

ராஜா: நங்கநல்லூர் நல்ல ஏரியாதான், ஆஞ்சநேயரையும் பாத்துட்டு வரலாம். ஆனா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். டிசம்பர்ல ஒரு மழை அடிச்சா பழவந்தாங்கல் சுரங்கப்பாதைல தண்ணி நிக்கும். அப்புறம் சுத்தித்தான் வரணும்.

ராஜா: பல்லாவரத்துல இருந்து வந்தா ஏர்போர்ட் இடது கைப் பக்கமே வரும். பாலம் ஏறி இறங்குற வேலை இல்ல.

கார்த்தி: எது போட்டாலும் ஒரு விஷயம் பாத்துக்கணும். ராத்திரி மூணு மணிக்கு அங்க எவனாவது முழிச்சிருக்கானா? ஒரு ஊர்ல நான் பேக்கை மாட்டிக்கிட்டு கீழ வந்தா கிரில் கேட்டு பூட்டு. கவுன்ட்டர்ல ஆளே இல்ல. கத்தினதுல எனக்கு முன்னாடி தெரு நாய்தான் எந்திரிச்சது.

செல்வி: அய்யோ. அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? பகல்ல கேட்டா எல்லாரும் ‘24 மணி நேரமும் ஆள் இருக்கும் மேடம்’னுதான் சொல்லுவாங்க.

கார்த்தி: ராத்திரி மூணு மணிக்கு போன் போடணும் மதினி. எடுக்கிறவன்கிட்ட ரூம் போட்டுறலாம்.

முருகன்: யாரு முழிச்சிருப்பா

மீனா: எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு. நைட் டூட்டி பாத்த பழக்கம், ரிட்டயர் ஆகியும் விடல. மூணு மணிக்கு எந்திரிச்சு டீ போட்டு என்னையும் எழுப்புவாரு.

ராஜா: நம்பர் மூணையும் அனுப்பும்மா யாழினி.

சனி, காலை 5:48

ராஜா: ரிப்போர்ட்.

ராஜா: 3:10, மீனம்பாக்கம். முதல் தடவை முழு ரிங்கும் போச்சு, எடுக்கல. ரெண்டாவது தடவை எடுத்த பையன் பாதித் தூக்கத்துல ‘காலைல கூப்பிடுங்க சார்’னு வச்சுட்டான். டிராப் எத்தனை மணிக்குன்னு கேக்கவே விடல.

ராஜா: 3:16, நங்கநல்லூர். வாட்ச்மேன் எடுத்தாரு. பெரியவர், நல்லாப் பேசினாரு. மேனேஜர் பத்து மணிக்குக் கிளம்பிருவாராம், கேட்டு பூட்டித்தான் இருக்கும், எழுப்பினா திறப்பேன்னாரு. வெந்நீர் ஆறு மணிக்கு மேலதான். சொந்த ஊரு சாத்தூராம்.

மீனா: அதையும் விசாரிச்சாச்சா

ராஜா: 3:27, பல்லாவரம். ரெண்டாவது ரிங்ல எடுத்தான். ராத்திரி டூட்டிக்குன்னே ஒரு பையன் இருக்கான். லிஃப்ட் உண்டு. ரூமுக்கு ரூம் கீசர், எப்ப வேணா போட்டுக்கலாம். அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம், ஒண்ணுல தனி மெத்தை போட்டுத் தருவாங்க, அதுக்குக் காசு இல்ல. டிராப் இலவசம் கிடையாது. 350 ரூபா, பெரிய வண்டி, மூணு மணிக்கு வாசல்ல நிக்கும். எந்த டெர்மினல்னு அவனே கேட்டான். டி1ஆ டி4ஆன்னு டிக்கெட்டுல பாத்து வச்சுக்கோங்க, உள்நாட்டு விமானம் ரெண்டுலயும் போகுது.

கார்த்தி: அத்தான், இதுவே போதும். முடிஞ்சது.

முருகன்: முடியல. 1800 ரெண்டு ரூம் 3600. அதுக்கு மேல ஜிஎஸ்டி வரி. அதுக்கு மேல 350.

ராஜா: அவசரப்படாத மாப்ள. ஆப்ல 1800. நேரா போன்ல பேசினா 1600னான். டிபன் வேண்டாம்னா 1450. டிபன் ஏழரைக்குத்தான், அதுக்குள்ள நீங்க அந்தமான் பக்கமே போயிருப்பீங்க. எதுக்கு அந்த இட்லிக்குக் காசு?

முருகன்: அத்தான், மூணரை மணிக்கு பேரம் பேசினீங்களா?

ராஜா: அவனுக்கும் பொழுது போகல.

செல்வி: ரெண்டு ரூம் 2900. ஜிஎஸ்டி 12 சதவீதம் 348...

கார்த்தி: இல்ல மதினி, 2025 செப்டம்பர் 22ல இருந்து 7500 வரைக்கும் வாடகை உள்ள ரூமுக்கு 5தான். 145 ரூபா. 3045, டிராப் சேத்து 3395.

செல்வி: 3500க்குள்ள வந்துருச்சு 🙏 ஏங்க, பாத்தீங்களா?

முருகன்: பாத்தேன். சரி. அந்த பெட்ஷீட் எப்படி இருந்தா என்ன, லைட்ட அணைச்சிரலாம்.

கார்த்தி: ரூம் 25ந்தேதிக்குப் போடுங்க, 26ன்னு போட்டுறாதீங்க. விடியக்காலை ஃப்ளைட்டுல எல்லாரும் சறுக்குறது அங்கதான். அம்மாவுக்கு வீல்சேர் வேணும்னு ஏர்லைன்ல இப்பவே சொல்லிருங்க, அதுக்குத் தனிக் காசு கிடையாது.

செல்வி: அத்தை டிக்கெட்டப் பாத்துட்டு ஒரு சந்தேகம் கேக்குறாங்க. போர்ட் பிளேர்னு சொன்னீங்க, இதுல ‘ஶ்ரீ விஜயபுரம்’னு இருக்கே, வேற ஊருக்குப் போட்டுட்டீங்களான்னு.

கார்த்தி: அதே ஊருதான். 2024 செப்டம்பர்ல பேர மாத்திட்டாங்க.

ஆச்சி: 🎤 குரல் செய்தி (0:19)

யாழினி: “எந்தப் பேரா இருந்தா என்ன, வெந்நி உண்டுன்னுட்டாருல்ல மருமகன். அது போதும்.”

மீனா: சரி, முடிவு பண்ணிட்டீங்க. ராத்திரிச் சாப்பாடு மட்டும் வெளிய வாங்கக் கூடாது. நான் கொண்டு வரேன். அப்படியே உங்க கூட ஒரு ரூம்ல படுத்துக்கிட்டு காலைல ஏத்தி விட்டுட்டு வரேன்.

ராஜா: முடியாது. அதையும் கேட்டேன். உன் ஆதார்ல அம்பத்தூர் விலாசம். சென்னை விலாசத்துக்கு ரூம் குடுக்கிறதில்லன்னுட்டான்.

மீனா: நான் என்ன களவாணியா?

கார்த்தி: நிறைய லாட்ஜ்ல அப்படித்தான்க்கா. சட்டம் எல்லாம் இல்ல, அவங்களா வச்சிருக்கிற விதி. அண்ணே, உங்க அஞ்சு பேரு ஆதாரும் ஒரிஜினலா இருக்கட்டும், கவினுக்கும் சேத்து.

மீனா: அப்ப ஏழு மணிக்கு வந்து சாப்பாடு போட்டுட்டு ஒன்பது மணி ட்ரெய்னுக்குக் கிளம்புறேன். இட்லியும் புளியோதரையும். முருகா, இதையும் வேண்டாம்னு சொன்னே...

முருகன்: சொல்லலக்கா சொல்லல. புளியோதரை கொஞ்சம் கூடவே கட்டு, ஏர்போர்ட்ல டீயே யானை விலை.

செல்வி: மதினி, மிளகாய்ப் பொடி நான் கொண்டு வரேன். இட்லி மட்டும் போதும், சட்னி வேண்டாம், ஊசிப் போயிரும்.

சனி, காலை 11:20

செல்வி: பல்லாவரம் போட்டாச்சு. 500 அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டேன். 25ந்தேதி, ரெண்டு ரூம், முதல் மாடி, லிஃப்ட் பக்கத்துல. மூணு மணி வண்டியும் சொல்லியாச்சு, எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிட்டேன். ராஜா அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

ராஜா: சந்தோஷம்மா. 24ந்தேதி ராத்திரி மூணு மணிக்கு இன்னொரு தடவை கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கிறேன்.

முருகன்: அத்தான், அந்தப் பையன் வேலைய விட்டுட்டு ஓடிருவான்.

ராஜா: எடுக்கிறானான்னு பாக்கணும்ல.