மழை, பச்சை, மண் ஈரம் மூன்றையும் சேர்த்தால் ராமநாதபுரத்தில் 'லேசான வறட்சி' என்று வருகிறதே?

வறள்நிலம்:
2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62% குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களுமே வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தப் பருவத்துக்கு ராமநாதபுரம் மாவட்டத்தின் மழைக்கு எஸ்.பி.ஐ. (வழக்கமான மழையைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும் குறியீடு), செயற்கைக்கோள் படத்திலிருந்து என்.டி.வி.ஐ. (நிலத்தில் பச்சை எவ்வளவு என்று காட்டும் குறியீடு), அப்புறம் மண் ஈரம், மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சராசரி எடுத்தேன். மழையைத் தனியாகப் பார்த்தால் படுமோசம், சேர்த்தால் பல இடங்களில் 'லேசான வறட்சி'தான். மழைக்கு வெயிட்டேஜ் கூட்டினால் சரியாகுமா?

கண்மாய்க்கரை:
வெயிட்டேஜில் கை வைப்பதற்கு முன்னால் அந்தப் பச்சை எது என்று பாருங்கள். முதுகுளத்தூர், கமுதி பக்கம் பாதி சீமைக்கருவேலம். வயலில் நெல் கருகிக் கிடக்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் அது தளதளவென்று நிற்கும், வேர் அவ்வளவு ஆழம், செயற்கைக்கோளுக்கு இரண்டும் இலைதான். பயிர் நிலத்தை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். என்.டி.வி.ஐ.க்குப் பதிலாக வி.சி.ஐ. போடுங்கள், அந்தந்த பிக்சலின் பல வருட உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவில் இந்த வருடம் எங்கே என்று அது காட்டும்.

மேகம்:
கருவேலத்தை எடுத்தாலும் சராசரி சரிவராது என்பது என் கருத்து. முதலில் மழை குறையும், பிறகு மண் காயும், இலை வாடுவது அதற்கும் பிறகு. மூன்றுக்கும் ஒரே மாத டேட்டாவைப் போட்டால், இன்னும் வாடாத இலை மழைக்குறைவை மறைத்துவிடும். ஐரோப்பிய வறட்சிக் கண்காணிப்பகம் இதைப் படிப்படியாகச் செய்கிறது: மழை மட்டும் குறைந்தால் ஒரு நிலை, மண் ஈரமும் குறைந்தால் அடுத்தது, பயிரும் அடிவாங்கினால் கடைசி. நம் மத்திய அரசின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடும் கிட்டத்தட்ட அப்படித்தான், முதலில் மழை, அது குறைவு என்று தெரிந்தால் பயிர்ப் பரப்பு, செயற்கைக்கோள், மண் ஈரம், நீர்நிலை என்று பார்த்து, கடைசியில் ஊருக்கே போய்ச் சரிபார்க்கச் சொல்கிறது.

வறள்நிலம்:
சரி, படிப்படியாகவே போடுகிறேன். இதையே தஞ்சாவூருக்கும் ஓட்டலாமா?

கண்மாய்க்கரை:
அப்படியே ஓட்டாதீர்கள். அங்கே பாசனம் மேட்டூரை நம்பி, மேட்டூர் குடகு மழையை நம்பி. உள்ளூர் மழையை மட்டும் வைத்து என்ன சொல்லிவிட முடியும்? அணை இருப்பையும் சேருங்கள். உங்கள் மாவட்டத்துக்குக் கண்மாய்த் தண்ணீர்ப் பரப்பு.

மேகம்:
கண்மாய்க்கு சென்டினல்-1 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் ரேடார் படம் எடுங்கள், மழைக்கால மேகம் தொல்லை தராது. ஆனால் தண்ணீருக்குள் செடி முளைத்து மூடியிருந்தால் தரை என்றே காட்டும், அந்தக் கண்மாய்களைத் தனியாகப் பாருங்கள்.