ஜோமோன் கால (ஜப்பானின் தொல்பழங்காலம்) எலும்புக் கருவிகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சென்டாய்வாசி:

வேலை நிமித்தமாக வடகிழக்கு ஜப்பானில் உள்ள சென்டாயில் இருக்கிறேன். மாட்சுஷிமா விரிகுடாவுக்கு வருகிறவர்களில் பலர் படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே விரிகுடாவில் உள்ள மியாதோ தீவுக்கும் அவசியம் போங்கள். சதோஹாமா சிப்பி மேடு அங்கேதான் இருக்கிறது, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் உண்டு.

ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக மக்கள் தின்று போட்ட மட்டி ஓடுகள் குவிந்த இடம் அது. ஜப்பானில் பல இடங்களில் எரிமலைச் சாம்பல் கலந்த அமில மண். அதில் புதைந்த எலும்பு நாளடைவில் கரைந்து போகும். சிப்பி மேட்டில் ஓடுகளின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடுகிறது. அதனால்தான் மான் கொம்பில் செய்த தூண்டில் முள்ளும், மீன் குத்தும் எலும்பு முனையும் இன்றைக்கும் நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது எறியுளியின், அதாவது கயிறு கட்டி எறியும் ஈட்டியின், முனை. மான் கொம்பில் செய்தது, கைக்குள் அடங்கிவிடும் அளவு. கம்பைச் செருக அடியில் ஒரு குழி, கயிறு கட்ட நடுவில் ஒரு துளை. எறிந்ததும் முனை கடல்நாயின் உடம்பிலோ பெரிய மீனின் உடம்பிலோ ஏறிவிடும், கம்பு தானாகக் கழன்றுவிடும். அப்புறம் கயிற்றை இழுத்தால், நடுவில் கட்டியிருப்பதால் முனை சதைக்குள் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். இரை எவ்வளவு திமிறினாலும் அது வெளியே வராது. திமிறத் திமிற இன்னும் குறுக்காக நிற்கும். உலோகமே அறியாத மக்கள் யோசித்துச் செய்தது இது! வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்று ஒரே வரியில் இவர்களைக் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில முனைகளின் அடிப்பகுதியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். அது இயற்கைத் தார். கம்போடு முனையை இறுக்கிப் பிடிக்கப் பூசியது. அந்தத் தார் அகிதா, நீகாதா பக்கம், அதாவது மலைத்தொடருக்கு அந்தப்புறம் ஜப்பான் கடலை ஒட்டிய நிலத்தில் கிடைப்பது. மலை தாண்டிக் கைமாறி இந்தக் கரைக்கு வந்திருக்கிறது.

கடலோடி:

அண்ணா, எறியுளி பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் தூண்டில் முள்ளைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மீன்பிடிதான் தொழில். அதனால் செய்தே பார்த்துவிடுவது என்று ஒரு மான் கொம்புத் துண்டு வாங்கினேன். தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு, கல்லால் கீறி, மணற்கல்லில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க முடி கருகின மாதிரி ஒரு வாடை. கொம்பின் உள்பக்கம் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும், அது எதற்கும் உதவாது. வெளிப்புறத்துக் கெட்டியான பகுதியில்தான் முள்ளை எடுக்க வேண்டும். வளைவில் தடிமனாக விட்டால்தான் இழுவையைத் தாங்கும், அதே நேரத்தில் நுனி மெல்லியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவதில்தான் கைவேலை இருக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய முட்களையும் அந்தக் காலத்தில் ஏன் செய்தார்கள் என்பது அப்போது புரிந்தது. நுனி உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதுமே.

நாஹாவிலிருந்து:

எலும்பு இல்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒகினாவாவின் சகிதாரி குகையில் கிடைத்த தூண்டில் முள், கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்தது. வயது சுமார் 23,000 ஆண்டுகள். ஆய்வு முடிவு 2016-இல் வெளிவந்தது. ஜோமோன் காலத்துக்கும் வெகு முந்தையது. அந்தக் குகைக்கு மக்கள் இலையுதிர் காலத்தில், ஆற்று நண்டு ருசியாக இருக்கும் பருவம் பார்த்து வந்து தின்றிருக்கிறார்கள். அதைப் படித்தபோது அவர்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

சென்டாய்வாசி:

அருமை, நண்பரே. டோக்கியோவில் இருப்பவர்கள் ஓமோரிக்குப் போகலாம். 1877-இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுகொண்ட சிப்பி மேடு அங்கேதான். ஜப்பானில் முறையான அகழாய்வு தொடங்கிய இடம். ஹொக்கைடோவில் கிதாகோகனே, இரியே பக்கம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சிப்பி மேடுகள் அவை. அங்கே எறியுளி முனைகளைப் பார்த்திருந்தால், கயிற்றுத் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்.