டேட்டாபேஸ் லைப்ரரி அப்கிரேடு பண்ணி மாட்டிக்கினவங்க வாங்க, உங்க கதைய சொல்லுங்க

மணலி எடைமேடை:
ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் உறுத்தினே கீது, அதான் எழுதறேன். மணலில ஒரு எடைமேடை, கன்டெய்னர் லாரிங்க ராத்திரி பகல்னு இல்லாம வந்துனே இருக்கும், எடை சீட்டு அடிக்கற ப்ரோக்ராம் நம்ம கைவேலை, உள்ள டேட்டா வெக்கறதுக்கு பெர்க்லி டிபின்ற டேட்டாபேஸ் லைப்ரரி, வெர்ஷன் 4.8. பழைய மெஷின் மூச்சு வாங்குதுன்னு புதுசு வாங்கி புது லினக்ஸ் போட்டேன், அதுல 5.3 தான் வருது, சரி அத வச்சே கம்பைல் பண்ணுவோம்னு (சோர்ஸ் கோட ஓடற ப்ரோக்ராமா மாத்தறது) பண்ணா ஒரு வார்னிங் கூட இல்ல. கெத்தா ஒரு டீ அடிச்சுட்டு வந்து டேட்டா போல்டர அப்படியே காப்பி பண்ணி ஓட்டினா, ப்ரோக்ராம் வெர்ஷன் 5.3, என்விரான்மென்ட் (டேட்டா போல்டர்ல லைப்ரரி தனக்குன்னு வெச்சிருக்கற பைலுங்க) வெர்ஷன் 4.8, மேட்ச் ஆவலன்னு ஒரே ஒரு லைன், அத்தோட படுத்துடுச்சு.

மணி பத்தரை. எடைமேடை மேல ஒரு வண்டி நிக்குது, பின்னாடி ஒரு பன்னெண்டு வண்டி. நெட்ல எவனோ ஒருத்தன் "ரெண்டு அடிக்கோடு போட்டு டிபின்னு ஆரம்பிக்கற பைல எல்லாம் அழி, சரியாயிடும்"னு எழுதி இருந்தான். அது மட்டும் அழிச்சிருக்கணும். நான் பதட்டத்துல லாக்னு (log, ஒவ்வொரு மாத்தத்தையும் டேட்டாபேஸ் எழுதி வெக்கற குறிப்பு) ஆரம்பிச்சு பத்து இலக்க நம்பரோட இருக்குமே, அந்த பைலுங்களையும் சேத்து தூக்கிட்டேன். ஏதோ வரவு செலவு லாக் தானேன்னு நெனச்சேன் பா, மெய்யாலுமே. அடுத்த தடவ ஓட்டினா, பைலோட எல்எஸ்என் (லாக்ல எந்த இடம்னு காட்டற நம்பர்) லாக் முடிவ தாண்டி கீதுன்னு எரர். அதுக்கு கீழயே, லாக் பைல எல்லாம் அழிச்சா இப்படித்தான் ஆகும்னு விளக்கம் வேற. பக்கத்துல நின்னு பாத்துட்டு திட்டற மாதிரியே இருந்துச்சு.

அப்போ டிரைவர் அண்ணன் ஒருத்தரு ஜன்னல்ல தலைய விட்டு, "இன்னா தம்பி, சீட்டு குடுக்கறியா, இல்ல வண்டிய இங்கயே குடித்தனம் வெச்சிக்கவா?"ன்னாரு. சிரிக்கக்கூட இல்ல. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்ல பாதி அடிச்ச சீட்டு தொங்கினு இருந்துச்சு, நான் அதையே பாத்துனு நின்னேன். விடிய விடிய கையால எழுதி குடுத்தோம். அஞ்சு மணிக்கு தான் ஞாபகம் வந்துச்சு, பழைய ஹார்ட் டிஸ்க் என் பேக்லயே கீது. அத மாட்டி, 4.8 கூட வர்ற டிபி ரெகவர்ன்ற ரிப்பேர் டூல ஒருவாட்டி ஓட்டி, அந்த அடிக்கோடு பைல மட்டும் எடுத்துட்டு, மிச்சத்த காப்பி பண்ணேன். பத்து நிமிசம். அவ்ளோ தான் வேலையே.

ஓனர் வந்து இன்னா ஆச்சுன்னு கேட்டாரு. கரண்ட் ப்ராப்ளம் சார்னு சொல்லிட்டேன்.

ராயபுரம் ரீபூட்:
இன்னாத்துக்கு நைனா இந்த காலத்துல பெர்க்லி? எஸ்க்யூலைட்னு இன்னொரு டேட்டாபேஸ் லைப்ரரி கீதே, அத போட்டா ஒரே சி பைல், உன் ப்ரோக்ராமோட சேத்து கம்பைல் பண்ணு, மேட்டர் ஓவர். என்விரான்மென்டும் இல்ல ஒரு வெங்காயமும் இல்ல. 2004-ல வந்த வெர்ஷன் 3 பைல் இன்னிக்கும் தொறக்குது. எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவ கூட பேஜாரு ஆனதில்ல.

எம்சி ரோடு பில்லிங்:
மேல சொன்ன தலைவரே, ஒரு தடவ கூட ஆனதில்லன்னா நீங்க இன்னும் தீபாவளி சீசன பாக்கலன்னு அர்த்தம். எங்களுது பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு ஜவுளிக்கடை. எஸ்க்யூலைட் தான். பில் கவுண்டர் அஞ்சாக்கினாங்க, டேட்டாபேஸ் லாக்ட்னு எரர் வந்துனே இருந்துச்சு, அதனால புது வெர்ஷன்ல வால் மோடு (WAL, மாத்தத்த மொதல்ல தனி பைல்ல எழுதற முறை) ஆன் பண்ணி விட்டோம். சோக்கா ஓடுச்சு. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது சர்வர் மெஷின் மாத்தணும்னு முதலாளி நின்னாரு. எங்க பையன் பென் டிரைவ்ல டேட்டாபேஸ் பைல மட்டும் எடுத்தான். பக்கத்துலயே அதே பேர்ல, பின்னாடி ஹைபன் போட்டு வால்னு ஒரு பைல் இருந்திருக்கு, டெம்ப் பைல்னு நெனச்சு விட்டுட்டான். ப்ரோக்ராம ஒழுங்கா மூடியிருந்தா அதுல இருக்கறது மெயின் பைலுக்கு போயிருக்கும், அந்த வால் பைலும் தானா காணாம போயிருக்கும். இவன் ஓடும்போதே காப்பி அடிச்சுட்டு, பழைய மெஷின பார்மட்டும் போட்டுட்டான்.

சாயந்தரம் நாலு மணிக்கு மேல போட்ட பில்லு ஒண்ணு கூட இல்ல. எரரும் இல்ல, அதான் கொடும, பைல் ஜம்முனு தொறக்குது, உள்ள தான் ஆள் இல்ல. அப்போ டெலிவரி கவுண்டர் அக்கா வந்து, பில்ல குத்தி வெப்பாங்களே அந்த இரும்புக் கம்பி, அத அப்படியே தூக்கினு வந்து என் டேபிள்ல டங்குனு வெச்சாங்க. கம்பி ஃபுல்லா பில்லு, ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஓட்ட, சிலதுல அந்த ஓட்ட சரியா தொகை மேலயே விழுந்திருக்கு. அது எட்டா மூணான்னு வெளிச்சத்துல தூக்கி தூக்கி பாத்து டைப் பண்ணோம். இன்னிக்கும் எந்த கடைலயாவது அந்த கம்பிய பாத்தா வயித்த கலக்குது.

தண்டையார்பேட்டை சீனியர்:
நானும் பெர்க்லில அடிபட்டவன் தான், 4.8 சோர்ஸ புது மெஷின்ல கம்பைல் பண்ண போய் ரெண்டு நாள் போச்சு. கதை அவ்ளோ தான், ஆனா எல்லாருக்கும் உபயோகமா நாலு வார்த்தை சொல்லிடறேன். முதல்ல, சோர்ஸ அவுத்ததும் மேல் போல்டர்லயே கான்பிகர (கம்பைலுக்கு முன்னாடி மெஷின சோதிக்கற ஸ்கிரிப்ட்) தேடாதீங்க, அங்க இருக்காது. பில்ட் யூனிக்ஸ்னு ஒரு போல்டர் இருக்கும், அதுக்குள்ள போய் நின்னுக்கினு, ஒரு படி மேல ஏறி டிஸ்ட் போல்டர்ல இருக்கற கான்பிகர கூப்பிடணும். ரீட்மீ படிக்காம வர்ற பசங்க பாதி பேரு இங்கயே நின்னுடுவாங்க. அடுத்தது, அட்டாமிக் கம்பேர் எக்ஸ்சேஞ்சுன்னு பெர்க்லிகாரங்க ஒரு ஃபங்ஷனுக்கு பேரு வெச்சிருக்காங்க, அப்பால கம்பைலர்காரனும் அதே பேர்ல பில்ட்-இன் கொண்டு வந்துட்டான், ஒரே பேர்ல ரெண்டு பேரு கிளாஸ்ல இருந்தா இன்னா ஆவும், அதான் ஆவுது. அட்டாமிக் ஹெட்டர் பைல்ல அந்த பேருக்கு பின்னாடி டிபின்னு சேத்து மாத்தி விடுங்க, டெக்ஸ்ட் மாத்தற ஒரு செட் (sed) கமாண்ட் போதும். அதுக்கப்புறம், கான்பிகர் ஓடும்போது ம்யூடெக்ஸே (ஒரே நேரத்துல ரெண்டு பேரு ஒரே டேட்டால கை வெக்காம தடுக்கற பூட்டு) கெடைக்கலன்னு நின்னா, ம்யூடெக்ஸ் இல்லாத மெஷின் எங்கயும் இல்ல, பயப்படாதீங்க. கான்பிகர் சோதனைக்கு எழுதற குட்டி ப்ரோக்ராமுங்க பழைய சி, டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷன கூப்பிடும், அந்த காலத்து கம்பைலர் வார்னிங்கோட விட்டுச்சு, 2024-ல வந்த ஜிசிசி 14 கம்பைலர் எரர்னு நிறுத்திடுது. அத எரரா பாக்காதேன்னு கம்பைலருக்கு குடுக்கற சி ஃப்ளாக்ல சொல்லிட்டு திரும்ப ஓட்டுங்க. அப்புறம் மணலி தம்பிக்கு: பழைய டிஸ்க் இல்லாட்டியும் வழி இருந்துச்சு, டிபி லோட்ன்ற டூல்ல எல்எஸ்என்ன ரீசெட் பண்ண ஒரு ஆப்ஷன் இருக்கு, காப்பி எடுத்து வெச்சுக்கினு செய்யணும். ஆனா எதுக்கு 5.3-லயே தொங்கறீங்க, 6-க்கு மேல போயிடுங்க, அதான் என் அபிப்பிராயம்.

வியாசர்பாடி:
அண்ணே, கதை கேட்டா கிளாஸ் எடுக்கறீங்க. அந்த கடைசி அட்வைஸ மட்டும் யாரும் கேட்டுடாதீங்க. 2013-ல 6.0 வந்தப்போ லைசென்ஸ ஏஜிபிஎல்-னு (அத சேத்து செஞ்ச ப்ரோக்ராம யூஸ் பண்றவங்களுக்கு உன் சோர்ஸ் கோடையும் குடுக்கணும்னு சொல்ற லைசென்ஸ்) மாத்திட்டாங்க, அதனால தான் டெபியன் மாதிரி லினக்ஸ் ஆளுங்க 5.3-லயே நின்னுட்டாங்க. எடைமேடைக்காரரு சோர்ஸ் கோட ஊருக்கே காட்டணுமா? சொல்றதுக்கு முன்னாடி யோசிங்கண்ணே.

காசிமேடு ஐஸ்:
சண்டைய நிறுத்துங்கப்பா, என்னுத கேளுங்க. மீன் ஏலக்கணக்கு எழுதற ப்ரோக்ராம், ராக்ஸ்டிபின்னு ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி போட்டிருந்தேன் (ஏன்னு கேக்காதீங்க, வயசு). அத என் புது லேப்டாப்ல கம்பைல் பண்றதே ஒரு கூத்து, எட்டு த்ரெட்ல மேக் (கம்பைல் பண்ற கமாண்ட்) போட்டா ராம் பத்தாம கம்பைலரே கில்ட்னு செத்துப்போகும், ஃபேன் சத்தத்துல எங்க அம்மா எழுந்து வந்து பாத்துச்சு. ரெண்டா கொறச்சுனு எப்படியோ முடிச்சேன். அத எடுத்துனு போய் ஐஸ் பேக்டரி ரூம்ல இருந்த பழைய டப்பால போட்டேன், விடிகாலைல ஏலம் ஆரம்பிக்குது, தட்டினா ஸ்கிரீன்ல ரெண்டே வார்த்தை, இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். எந்த லைன், எந்த பைல், ஒண்ணுமில்ல.

ஏலம் விடற பெரியவரு கண்ணாடிய ஏத்தி விட்டுக்கினு எழுத்து கூட்டி படிச்சாரு. "இல்லீகலா? நம்ம கணக்குல இன்னாடா இல்லீகல்? யார்னா கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்களா?"ன்னு குரல தாழ்த்தி கேட்டாரு. அதுக்கப்புறம் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் ஒரு மாதிரி நகர்ந்து நின்னாங்க. இல்ல தாத்தா, இது ப்ராசஸருக்கு புரியாத கட்டளைன்னு சொன்னா யாரு நம்பறா. விசயம் இன்னான்னா, ராக்ஸ்டிபி மேக் பைல் சும்மா விட்டா, கம்பைல் பண்ற மெஷினோட சிபியுக்குன்னே அளவெடுத்து தெச்சுடும். என் லேப்டாப்புக்கு தெச்ச சட்ட அந்த கெழட்டு டப்பாக்கு பத்தல. போர்ட்டபிள்னு ஒண்ணு போட்டு கம்பைல் பண்ணியிருந்தா தீந்துது. தாத்தா இன்னிக்கும் என்ன பாத்தா "இன்னா இல்லீகலு, எப்படி கீற"ன்னு தான் கூப்பிடறாரு. மீன் மட்டும் கொறச்ச வெலைக்கு தர்றாரு.

திருவொற்றியூர் பொண்ணு:
என்னோடது சின்ன கதை. ஆபீஸ்ல ரிட்டர்னிங்னு (மாத்தின வரிய உடனே திருப்பி தரும்) ஒரு வார்த்தை சேத்து குவெரி எழுதினேன், என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல சின்டாக்ஸ் எரர். சர்வர் உபுன்டு 20.04, அதுல எஸ்க்யூலைட் 3.31, ரிட்டர்னிங் வந்ததே 2021-ல 3.35-ல. சரின்னு புதுச சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி இன்ஸ்டால் பண்ணேன், கமாண்ட் லைன்ல வெர்ஷன் கேட்டா புதுசு காட்டுது, ப்ரோக்ராம் மட்டும் அதே எரர். மூணு தடவ திரும்ப கம்பைல் பண்ணிட்டேன், அழுகையே வந்துடுச்சு. விம்கோ நகர் போற மெட்ரோல, தண்டையார்பேட்டை தாண்டும்போது தான் பொறி தட்டுச்சு: கம்பைல் பண்ணும்போது பாத்த ஹெட்டர் புதுசு, ஓடும்போது புடிக்கற லைப்ரரி பழசு. புது லைப்ரரி எங்க இருக்குன்னு சிஸ்டத்துக்கு சொல்ற எல்டிகான்பிக் கமாண்ட ஓட்டவே இல்ல நான். ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்து லேப்டாப்ப தொறந்து, ப்ரோக்ராமுக்குள்ள இருந்தே எஸ்க்யூலைட் வெர்ஷன்னு ஒரு செலக்ட் போட்டு பாத்தேன், 3.31-னு வந்துச்சு. அந்த நம்பர பாத்து நான் சிரிச்ச சிரிப்புல செக்யூரிட்டி அண்ணா என்னமா ஆச்சுன்னு வந்துட்டாரு.

ராயபுரம் அண்ணா, ஒரே சி பைல சேத்து கம்பைல் பண்ணா இந்த பிரச்சனை வராதுன்னு நீங்க சொன்னது நெசம் தான். அத மட்டும் ஒத்துக்கறேன்.

ராயபுரம் ரீபூட்:
அப்பாடா, ஒரு ஆளாவது கீது. எம்சி ரோடு பாய், காப்பி எடுக்க வேக்யூம் இன்டூன்னு ஒரு கமாண்ட் 2019-ல இருந்தே கீது, ஓடினு இருக்கும்போதே ஒழுங்கா எடுக்கும். உங்க பையன் தப்புக்கு எஸ்க்யூலைட் இன்னா பண்ணும்?

எம்சி ரோடு பில்லிங்:
தெரியும் தலைவரே. அப்போ தெரியாது. அதுக்கு பேரு தான் அனுபவம், அதான் இங்க எழுதறோம். பில்லு குத்தற கம்பி ஒண்ணு பார்சல் அனுப்பவா?

வியாசர்பாடி:
மணலி அண்ணாத்த, ஓனர்கிட்ட அப்பால உண்மைய சொன்னீங்களா இல்லியா? அத சொல்லாம போயிட்டீங்களே.

மணலி எடைமேடை:
சொல்லல பா. சொல்லலாம்னு அடுத்த வாரம் போனேன். ரூம்ல புதுசா ஒரு பெரிய யூபிஎஸ் உக்காந்துனு இருந்துச்சு, நாலு பேட்டரியோட. ஓனரு அத தட்டி காட்டி, "இனிமே உனக்கு கவலையே இல்ல தம்பி, நீ சொன்னியேன்னு தான் வாங்கினேன்"ன்னாரு. டீ வேற வாங்கி குடுத்தாரு.