புது லப்டொப்போடு ஒட்டிக்கொண்டு வந்த அன்ரிவைரஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான் அக்கா:

தங்கச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறாள். நெல் விற்ற காசோடு சீட்டுக் காசும் சேர்த்து எடுத்த லப்டொப். அதோடு, வைரஸைத் தடுக்கிற மென்பொருளான அன்ரிவைரஸ் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சக் காலம் இலவசம், பிறகு சந்தா கேட்கும். இலவசக் காலம் முடியும் நேரம். இரவு அவள் பாடம் செய்துகொண்டிருக்க, திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பியது. பெரிய ஆச்சரியக்குறி, கீழே உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில். பக்கத்தில் இருந்த அம்மா பதறிவிட்டார். "என்ன பிள்ளை, சிவப்பா வருது? இவ்வளவு காசு குடுத்தது பழுதாப் போச்சோ?" தங்கச்சி எவ்வளவு விளங்கப்படுத்தியும் கேட்கவில்லை. மூடச் சொல்லி, சேலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டார். நான் வரும்வரை ஒருவரையும் தொடவிடவில்லை.

அந்தப் பெட்டி வைரஸைப் பற்றியதே இல்லை. சந்தா கட்டு என்ற விளம்பரம். அதை அபாய அறிவிப்பு மாதிரி வேடம் போட்டு ஒரு வயதான மனுசியைப் பயப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. நீக்கலாம் என்றால், நீக்கினால் லப்டொப் காவல் இல்லாமல் நிற்கும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறார்.

மாங்குளம் ரீச்சர்:

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் எல்லா வேலையும். தவணைப் புள்ளிகளை இணையத்தில் பதிய வேண்டிய கடைசி நாள். பிள்ளைகளின் பெயராகப் பார்த்து அடித்துக்கொண்டு வர, பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. பார்த்தால் அந்த அன்ரிவைரஸ் பின்னால் இருந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. டேட்டா முடிந்தது என்று போனுக்கு மெசேஜ் வந்து விழுந்தது. இருட்டுகிற நேரம் மகனைச் சைக்கிளில் ரீலோட் போட அனுப்பினேன்.

நீக்கப் போனால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், சலுகை விலை என்று இன்னொரு பக்கம். பாதுகாப்பைத் தொடரச் சொல்வது பெரிய நீலப் பொத்தான். நீக்குவது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒட்டுசுட்டான் தங்கச்சி, யோசிக்காமல் நீக்குங்கள்.

வவுனியா கடைக்காரன்:

அக்கா, பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது பழைய கதை. வின்டோஸ் 7 காலத்தில் அது சரி. 2012இல் வந்த வின்டோஸ் 8இலிருந்து மைக்ரோசொஃப்டின் சொந்த டிஃபென்டர் ஒரு முழு அன்ரிவைரஸாகவே வின்டோஸோடு வருகிறது. வேறொன்று இருந்தால் அது ஒதுங்கி நிற்கும். மற்றதை நீக்கியதும் தானாக எழும்பி வேலை செய்யும். காசும் இல்லை, சந்தாவும் இல்லை.

நெடுங்கேணியிலிருந்து ஒரு ஐயா பஸ்ஸில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் தெரிய நேரம் எடுக்கும். உள்ளே பார்த்தால், கூட வந்த அன்ரிவைரஸுக்கு மேலே யாரோ இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

ரீச்சர், யோசிக்காமல் நீக்கு என்று மட்டும் சொன்னால் போதாது. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்று போய் அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றையும் பாருங்கள். பிரவுசருக்கான துணுக்கு பல நேரம் தனிப் பெயரில் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். பிறகு கட்டாயம் ரீஸ்டார்ட். அப்புறம் வின்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபென்டருக்குப் பச்சைக் குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எழும்ப வேண்டாம். எச்சம் போகாவிட்டால், மெக்காஃபி, நோர்ட்டன் என்ற அன்ரிவைரஸ்கள் இரண்டுக்கும் நீக்குவதற்கென்றே அந்தந்த நிறுவனம் இலவசக் கருவி தருகிறது. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அழுத்தினால் ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்று ஏறும்.

அப்படியும் போகாமல், அத்தியாவசியமானவற்றோடு மட்டும் வின்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குப் போகப்போகிறீர்கள் என்றால், முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள், அங்கே அதைக் கேட்கக்கூடும். 48 இலக்கம். புது லப்டொப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போனால் அந்தச் சாவி கிடைக்கும். ஹொட்ஸ்பொட்காரர் எல்லோரும் வைஃபை பகுதியில் அந்த இணைப்பை மீட்டர்ட், அதாவது டேட்டா அளவுள்ள இணைப்பு, என்று மாற்றிவிடுங்கள். வின்டோஸ் தன் பெரிய அப்டேட்டுகளைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும். வெளி மென்பொருள் அதை மதிக்கும் என்று நம்ப முடியாது.

புதுக்குடியிருப்பு:

கடைக்கார அண்ணை, டிஃபென்டர் போதும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பக்கம் வைரஸ் வருவது பென்ட்ரைவில். கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து குத்தினால் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக நிற்கும். என்னுடைய உயர்தரச் செயற்திட்டம் அப்படித்தான் ஒரு நாள் காணாமல் போனது. திரையில் வெறும் அம்புக்குறிகள், கைகால் ஓடவில்லை. அந்த நேரம் லப்டொப்போடு வந்த அன்ரிவைரஸ் உள்ளேதான் இருந்தது. காலம் முடிந்து வெறுமனே காசு கேட்டுக்கொண்டிருந்தது. கோப்புகள் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருந்தன என்று பிறகு ஒரு அண்ணா எடுத்துத் தந்தார். அதனால் நீக்குவதோடு விடாமல் பென்ட்ரைவை ஒவ்வொரு தடவையும் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள்.

வவுனியா கடைக்காரன்:

தம்பி, நான் போதும் என்று சொல்லவில்லை, தானாக எழும்பும் என்றுதான் சொன்னேன். ஆனால் நீங்கள் சொன்ன கதையே எனக்குச் சாட்சி. காலம் முடிந்த காவல்காரனை வீட்டில் வைத்திருந்து என்ன பயன்? லப்டொப் செய்யும் நிறுவனங்களுக்கு அன்ரிவைரஸ்காரர் காசு கொடுத்துத்தான் இதை உள்ளே வைக்கிறார்கள். நீங்கள் கேட்டு வந்தது இல்லை. பென்ட்ரைவ் விசயம் சரி. வலது கிளிக் செய்து டிஃபென்டரால் ஸ்கான் பண்ணலாம்.

பரந்தன்:

ஒருவரும் காசு விசயம் சொல்லவில்லை. மாமா கனடாவிலிருந்து லப்டொப் கொண்டு வந்தார். அங்கேயே திறந்து, இலவசம்தானே என்று தன் கார்ட் இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். நான் இங்கே அதை நீக்கிவிட்டேன், அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் இருந்தோம். ஒரு விடியப்புறம் மாமா போன் எடுக்கிறார். "தம்பி, நீ அங்க ஏதும் வாங்கினியோ? என்ரை கார்ட்டில காசு போயிருக்கு." அந்தக் குரலில் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஒரு இழுவை. நான் ஒரு சதமும் தொடவில்லை என்று நம்பவைக்கப் பெரும்பாடு. சந்தா தானாகப் புதுப்பித்திருக்கிறது. மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது, கணக்குக்குள் போய்த் தானாகப் புதுப்பிப்பதைத் தனியாக நிறுத்த வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவந்த லப்டொப் வீட்டில் இருக்கிறவர்கள், கார்ட் கொடுத்தார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:

கடைக்கார அண்ணை, ஒரு கேள்வி. 48 இலக்கச் சாவி தங்கச்சியின் கணக்கில் இருக்கிறது, ஆனால் அவள் விடுதியில். போனில் சொல்லச் சொல்லி எழுதலாமா, இல்லை லப்டொப்பிலேயே பார்க்க வழி இருக்கிறதா?