டிக்கெட் எங்கே தேங்குகிறது என்று அளப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். செக்யூரிட்டி அனுமதி, பொதுவான டெஸ்ட் சர்வர், வேறு டீமின் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) போன்ற நிறுவனத் தடைகள் ஸ்க்ரம் முறையில், அதாவது குறுகிய சுற்றுகளாக, வேலை செய்யும் சாஃப்ட்வேர் டீமை எவ்வளவு தாமதப்படுத்துகின்றன என்று எண்ணில் காட்ட வேண்டும். வெலாசிட்டி (ஒரு சுற்றில் டீம் முடித்த ஸ்டோரி பாயின்ட்களின் கூட்டுத்தொகை) இதற்கு உதவாது. ஸ்டோரி பாயின்ட் என்பது வேலையின் அளவுக்கு டீமே போடும் மதிப்பெண்; அதை உயர்த்திப் போட்டாலே வெலாசிட்டி ஏறிவிடும்.

இப்போதைய முறை: ஒரு டிக்கெட்டில் (ஒரு வேலைக்கான பதிவு) வேலை நின்றதும், டிக்கெட்டுகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளில் ஃபிளாக் (நின்றுவிட்டது என்ற குறி), காரணத்துக்கு ஒரு லேபிள். ஃபிளாக் போட்ட நேரம், எடுத்த நேரம் இரண்டையும் டிக்கெட் ஹிஸ்டரியிலிருந்து எடுத்து, காரணவாரியாகக் கூட்டுகிறோம். 20 நாளில் முடிந்த டிக்கெட்டில் உண்மையான வேலை 3 நாள் என்றால் ஃப்ளோ எஃபிஷியன்சி 15 சதவீதம். சராசரியை நம்புவதில்லை, ஒரே ஒரு இழுவை டிக்கெட் அதைக் கெடுத்துவிடும். மீடியனும் (நடு மதிப்பு) 85ஆம் பெர்சென்டைலும்தான் (85 சதவீத டிக்கெட்டுகள் எத்தனை நாளுக்குள் முடிந்தன என்பது).

தடை நீங்கியும் ஃபிளாக்கை எடுக்க மறப்பது, சனி ஞாயிறு சேர்ந்துகொள்வது எல்லாம் சமாளிக்கக்கூடியவை. சிக்கல் வேறு. காத்திருக்கும் நேரத்தில் டெவலப்பர் அடுத்த டிக்கெட்டைத் தொடங்கிவிடுகிறார். அனுமதி வந்த பிறகும் பழையது கிடக்கிறது. அந்த நாள்கள் யார் கணக்கு? அனுமதி தருபவர்களுடையதா, ஒரே நேரத்தில் பலதைத் திறந்துவைத்த டீமுடையதா?

இதைப் பிரித்து அளப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? 'அனுமதி வந்தது, இன்னும் எடுக்கவில்லை' என்று தனி ஸ்டேட்டஸ் வைத்தால், யாராவது ஒழுங்காக நகர்த்துகிறார்களா? ஸ்கிரிப்ட் இருந்தால் பகிருங்கள். கூகுள் ஷீட்டில் ஓடுவதென்றால் இன்னும் நல்லது.