ஏடிசி12 வார்ப்பில் கசிவு, டி6 கொடுத்தால் கொப்புளம்: இரும்புதான் காரணமா?

துவாஸ் உலை:
வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு சிறிய அழுத்த வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். பம்ப் மூடி ஒன்றை ஏடிசி12 என்ற அலுமினியக் கலவையில் வார்க்கிறோம். ரப்பர் வளையம் உட்காரும் காடியைக் கடைந்த பிறகு, கசிவுச் சோதனையில் பல மூடிகள் தேறுவதில்லை. வலிமை போதாது என்று வாடிக்கையாளர் சொன்னதால் சிலவற்றை டி6 வெப்பப் பதனத்துக்கு (உயர்சூட்டில் வைத்து, நீரில் குளிர்வித்து, மிதமான சூட்டில் முதிரவைப்பது) அனுப்பினோம். அம்மை போட்டதுபோல் திரும்பி வந்தன. போதாததற்குத் துளையிடும் பிட்டுகள் அடிக்கடி முனை உடைகின்றன. மேற்பார்வையாளர் எல்லாப் பழியையும் இரும்பின் மீது போட்டு, இரும்பு குறைந்த கட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

ஜூரோங் மூத்தவர்:
தம்பி, அவசரப்படாதீர்கள். ஏடிசி12இல் இரும்பு 1.3 சதவீதம் வரை அனுமதி உண்டு. அது வீணாக இருப்பதில்லை; உருகிய அலுமினியம் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். மாங்கனீசைக் கூட்டாமல் இரும்பை மட்டும் குறைத்தால் அச்சு போய்விடும். முதலில் ஒரு மூடியை அறுத்து, மெருகேற்றி, துளைகளின் வடிவத்தைப் பாருங்கள்.

துவாஸ் உலை:
பார்த்துவிட்டேன் அண்ணா. மெல்லிய சுவரில் உருண்டையான துளைகள், உட்புறம் வழவழப்பாக மின்னுகிறது. காடிக்கு அடியில் தடித்த பகுதியில் மட்டும் கரடுமுரடாக, கிழிந்தாற்போல் இருக்கிறது.

ஜூரோங் மூத்தவர்:
அப்படியானால் இரண்டு வெவ்வேறு கோளாறுகள். உருண்டை, சிக்கிய வாயு. உருகிய உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் பிளஞ்சரின் மெதுவான முதல் ஓட்டத்தைக் கவனியுங்கள்: அதிக வேகம் என்றால் அது ஓடும் குழாயில் உலோகம் அலையாய்ப் புரண்டு காற்றை விழுங்கும். பிளஞ்சர் மசகெண்ணெய் அதிகமானால் அதுவும் எரிந்து வாயுவாகும். கரடுமுரடு, உறையும்போது ஏற்படும் சுருக்கம். அங்கே கடைசிக் கட்ட அழுத்தம், உலோகம் நுழையும் வாய் உறைவதற்குள் போய்ச் சேர வேண்டும். வாய் மெலிதாக இருந்தால் அழுத்தத்தை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. காடிப் பக்கம் அச்சுக்குள் குளிர்நீர் ஓட்டத்தையும் பாருங்கள்.
டி6ஐ விட்டுவிடுங்கள். ஏறத்தாழ 500 பாகை செல்சியஸில் உலோகம் இளகும்போது உள்ளே நசுங்கிக் கிடந்த வாயு விரிந்து தோலைத் தூக்கிவிடும். வெற்றிடம் இழுத்து வார்த்தால் கதை வேறு.

உலோகவியல் மாணவி:
பிட் உடைவதைப் பற்றி ஒரு சந்தேகம் அண்ணா. உருகிய உலோகத்தை வார்க்கும்வரை சூடாக வைத்திருக்கும் இருப்பு உலையின் அடியில் கசடு படிகிறதா? இரும்பு, மாங்கனீசின் இரு மடங்கு, குரோமியத்தின் மும்மடங்கு, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இரும்பு 1.0, மாங்கனீசு 0.3, குரோமியம் 0.05 என்றால் 1.75. இந்த எண் கூடக் கூட, கசடு கட்டத் தொடங்கும் வெப்பநிலையும் ஏறும். உலை அதற்குக் கீழே தணிந்தால் கடினமான படிகங்கள் பிரிந்து அடியில் இறங்கும். அகப்பையில் அள்ளும்போது வார்ப்புக்குள் வந்து பிட்டைப் பதம் பார்க்கும்.

துவாஸ் உலை:
1.9 வருகிறது! இரவு ஷிப்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்த உலையைத் தணித்துவைப்பார்கள்.

உலோகவியல் மாணவி:
அதை நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் அடியைக் கலக்காமல் கசடை வாரி எடுக்க வேண்டும்.

ஜூரோங் மூத்தவர்:
நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. தம்பி, பழைய வார்ப்புகளை மறுபடி உருக்கிச் சேர்க்கிறீர்கள் என்றால் குரோமியத்தை ஒவ்வொரு உருக்கிலும் சோதியுங்கள். வலிமைக்கு டி5 முயன்று பாருங்கள்: அச்சிலிருந்து எடுத்ததும் நீரில் குளிர்வித்து, 200 பாகைக்குள் முதிரவைப்பது. கடினம் கூடும், இழுவிசை நீட்சி சற்றுக் குறையும். வரைபடத்தில் டி6 என்று இருந்தால், மாற்றத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.